கணக்கு முடிந்த பிறகும்

மேட்டூரிலிருந்து மாதேஸ்வரன் மலைக்குப் போகிற பஸ்ஸில் என் மாமாவுக்கு ஜன்னலோர இடம் கிடைத்தது. அமாவாசைக்கு முதல் நாள். நிற்க இடமில்லாத கூட்டம். பாலாற்றுப் பாலம் தாண்டி பஸ் மலை ஏறத் தொடங்கியபோது, யாரும் கேட்காமலே, தன் மில் வேலை போன கதையைச் சொன்னார்.

சேலத்துக்குப் பக்கத்தில் எண்பது பேர் வேலை செய்த சின்ன நூற்பாலை. மாமா ரிங் ஃப்ரேமில் சைடர், அறுந்த இழையைப் பிணைக்கிறவர், பத்தொன்பது வருஷம். ஆர்டர் இல்லை என்று ஒரு நாள் பதினோரு பேரை அனுப்பினார்கள். பணத்தில் குறை வைக்கவில்லை. ஒரு மாத நோட்டீஸ் சம்பளம், வருஷத்துக்குப் பதினைந்து நாள் சம்பளம் வீதம் 285 நாள் பணம், கிராஜுவிட்டி எல்லாம் வந்தது. "கணக்கு முடிச்சாச்சு" என்று கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். பத்து மாதம் கழித்து அந்த வழியே சைக்கிளில் போனபோது கேட்டில் ஒரு தகரப் பலகையைப் பார்த்தார்: 'ரிங் ஃப்ரேமுக்கு ஆட்கள் தேவை.' அவர் நின்ற அதே மிஷினுக்குப் பக்கத்து ஊர்ப் பையன் ஒருவனை எடுத்திருந்தார்கள்.

"நீங்க போய்க் கேக்கலையா மாமா?"

"எந்த மொகத்தோட கேக்கறது கண்ணு? நம்ம கணக்கத்தான் முடிச்சுட்டாங்களே."

கேட்டிருக்கலாம். கேட்கவே வேண்டியிருந்திருக்கக் கூடாது, அவர்களே கடிதம் போட்டுக் கூப்பிட்டிருக்க வேண்டும். அப்படித்தான் அன்றைய சட்டம் இருந்தது. அதைச் சொன்னதும் மாமா ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பி என்னையே பார்த்தார். "அப்படி ஒரு சட்டம் இருக்குதா? எனக்கு யாருஞ் சொல்லலியே."

அந்தச் சட்டம் ஒரே ஒரு வாக்கியம்தான். 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்தில் 25எச் என்ற பிரிவு. ஆட்குறைப்பில் வெளியே போனவர்கள் இருக்கும்போது முதலாளி புதிதாக ஆள் எடுக்க நினைத்தால், முதலில் அந்தப் பழைய ஆட்களுக்கு வாய்ப்புத் தர வேண்டும். வருகிறேன் என்று முன்வருகிறவர்களுக்கு மற்றவர்களைவிட முன்னுரிமை. அவ்வளவுதான். ஆனால் யோசிக்க யோசிக்க எனக்கு வியப்பாக இருக்கும் வாக்கியம் அது. வீட்டைக் காலி செய்து அட்வான்ஸைத் திரும்ப வாங்கிவிட்டால் அந்த வீட்டின் மீது நமக்கு ஒரு பாத்தியதையும் கிடையாது. ஒப்பந்தம் முடிந்தால் உறவும் முடிந்தது. உலகத்துக் கொடுக்கல் வாங்கல் பெரும்பாலும் இப்படித்தான். வேலை ஒன்றில் மட்டும், ஒப்பந்தம் முடிந்து, பணம் கைமாறி, கையெழுத்தும் போட்ட பிறகு ஏதோ ஒன்று மிச்சமிருக்கிறது என்று சட்டம் சொன்னது. கொடுத்த 285 நாள் பணம் வேலை போனதற்கான ஈடு. திரும்ப அழைக்கப்படும் உரிமைக்கு அது விலை அல்ல.

இது வந்த விதமும் மில்லோடு சேர்ந்ததே. 1953இல் நாட்டின் துணி ஆலைகளில் சரக்கு தேங்கியது. ஷிஃப்டுகளை மூடப்போகிறோம் என்று ஆலைகள் சொல்லத் தொடங்கின. அவசரச் சட்டம் ஒன்று அக்டோபரில் வந்தது. வி.வி.கிரி தொழிலாளர் அமைச்சராக இருந்த காலம். அந்த ஆண்டின் திருத்தச் சட்டத்தில்தான் லே ஆஃப் என்றால் என்ன, ஆட்குறைப்பு என்றால் என்ன என்ற பிரிப்பும், கடைசியாக வந்தவர் முதலில் போக வேண்டும் என்ற விதியும், 25எச்சும் ஒன்றாக நுழைந்தன. லே ஆஃபில் வேலை உறவு அறுவதில்லை. ஆள் பட்டியலிலேயே இருப்பார், தகுதி இருந்தால் பாதிச் சம்பளம் வரும், மிஷின் ஓடத் தொடங்கியதும் உள்ளே போவார். ஆட்குறைப்பில் உறவு அறுகிறது. அப்படி அறுந்த இடத்திலும் ஒரு நூலை விட்டு வைத்தது 25எச்.

அந்த நூல் எதனால் ஆனது என்று கேட்டால், காகிதத்தால். மத்திய அரசின் 1957ஆம் ஆண்டு விதிகளைப் படித்தால் இது புரியும். ஆட்குறைப்புக்குக் குறைந்தது ஏழு நாள் முன்பே, அந்தப் பிரிவில் வேலை செய்கிற எல்லோருடைய பெயரையும் சீனியாரிட்டி வரிசையில் எழுதி நோட்டீஸ் போர்டில் ஒட்ட வேண்டும். யார் போகப் போகிறார் என்பதை அதைப் பார்த்து எவரும் சரிபார்க்கலாம். பிறகு காலியிடம் வரும்போது அதே பட்டியல் மறுபடி வெளியே வருகிறது. ஆள் எடுப்பதற்குக் குறைந்தது பத்து நாள் முன்பு காலியிட விவரத்தைப் போர்டில் ஒட்ட வேண்டும். அதோடு ஒவ்வொரு பழைய ஆளுக்கும், அவர் கடைசியாகக் கொடுத்த முகவரிக்கு, ரிஜிஸ்தர் தபால் போக வேண்டும். காலியிடம் இரண்டுதான், வெளியே போனவர்கள் பதினொருவர் என்றால் பதினொருவருக்கும் எழுத வேண்டியதில்லை. சீனியாரிட்டியில் மேலே இருக்கிற நால்வருக்கு எழுதினால் போதும். காலியிடத்துக்கு இரண்டு மடங்கு. கடிதம் வந்தும் தக்க காரணத்தை எழுதித் தெரிவிக்காமல் வராமல் இருந்தால் அடுத்த காலியிடத்துக்கு எழுத வேண்டிய கடமை முதலாளிக்கு இல்லை. வேலை ஒரு மாதத்துக்கும் குறைவானது என்றால் தனித்தனிக் கடிதம் தேவையில்லை.

இந்த நுணுக்கம் எனக்குப் பிடிக்கும். யாரோ ஒருவர் மேசையில் உட்கார்ந்து, முதலாளியின் செலவையும் வேலை இழந்தவரின் வீட்டு வாசலையும் ஒரே நேரத்தில் நினைத்துப் பார்த்து எழுதியிருக்கிறார். ஒப்புதல் அட்டை ஒன்றில் தபால்காரர் கையெழுத்து வாங்கிப் போவாரே, அந்த அட்டைதான் 'கூப்பிட்டோம்' என்பதற்கு ஆதாரம். அது இல்லையென்றால் கூப்பிடவில்லை. (ரிஜிஸ்தர் தபாலே 2025இல் ஸ்பீட் போஸ்டோடு சேர்ந்துவிட்டது.)

இந்த உரிமை யாருக்கெல்லாம் என்பதில்தான் நீதிமன்றங்கள் வேலை செய்தன. ஸ்டேட் வங்கியில் அவ்வப்போது சேர்த்துக்கொள்ளப்பட்ட தற்காலிகக் காசாளர் ஒருவருக்கு 1973இல் ஒன்பது நாள் நியமன உத்தரவு கொடுத்தார்கள். பத்தாம் நாள் வேலை தானாக முடிந்துவிடும் என்று உத்தரவிலேயே எழுதியிருந்தது. முன்பு துண்டு துண்டாகச் செய்த நாட்களைக் கூட்டினால் 240 வந்தது. 1976 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர், என்ன காரணத்தால் வேலை முடிந்தாலும் அது ஆட்குறைப்பே என்றார். தேதி போட்டு முன்கூட்டியே முடித்து வைத்தாலும் முடிவு முடிவுதான். இருபது ஆண்டு கழித்து, 1996இல், சென்ட்ரல் வங்கி வழக்கில் இன்னும் ஒரு படி ஏறியது. இழப்பீடு கேட்கத்தான் 240 நாள் வேண்டும். திரும்ப அழைக்கப்பட அந்தக் கணக்கு தேவையில்லை, குறைந்த நாள் வேலை செய்து வெளியே போனவருக்கும் 25எச் உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் வழக்குப் போட்ட அந்த ஊழியர்களுக்கு வேலை கிடைக்கவில்லை. பல வருஷம் தாமதித்து வந்தார்கள் என்பது காரணம். அதற்குள் அந்த இடங்களில் வேறு ஆட்கள் உட்கார்ந்துவிட்டிருந்தார்கள். உரிமை நிலைத்தது, அதைப் பெற்றுத் தந்தவர்கள் கையில் மட்டும் அது வரவில்லை. மாமாவுக்கு இதைச் சொல்லும்போது எனக்குக் குரல் கம்மியது. அவர் விஷயத்தில் ஒன்பது வருஷம் ஓடிவிட்டது.

பஸ் ஒரு வளைவில் திரும்பியது. கீழே எங்கோ காவிரி. இந்தத் தண்ணீர் சிவனசமுத்திரத்தில் ஒருமுறை விழுந்து, மேக்கேதாட்டு இடுக்கில் நெருங்கி, ஒகேனக்கல்லில் மறுபடி விழுந்துதான் இந்த மலைத்தொடரின் காலடிக்கு வருகிறது. முதல் வீழ்ச்சியில் அதற்கு 1902 ஜூனில் ஒரு வேலை கொடுத்தார்கள். திவான் சேஷாத்ரி ஐயர் தொடங்கி வைத்த திட்டம் அது. அங்கே பிறந்த மின்சாரம் ஏறத்தாழ 147 கிலோமீட்டர் கம்பியில் ஓடி, பெங்களூருக்குக்கூடப் போகாமல், நேராகக் கோலார் தங்கவயலுக்குப் போனது. பெங்களூர் விளக்குகள் எரிய இன்னும் மூன்று ஆண்டு ஆயிற்று. கம்பியின் அந்த முனையில் இருந்தவர்கள் பெரும்பாலும் நம் ஆட்கள். வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பக்கங்களிலிருந்து போன தமிழர்கள், அதிலும் தலித்துகள். வேலைக்குத் திரும்ப அழைப்பது என்ற கேள்வி எவ்வளவு கனமானது என்று பார்க்க அதைவிடப் பொருத்தமான ஊர் எனக்குத் தெரியாது.

தங்கவயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கம் பூமிக்குள் 3 கிலோமீட்டருக்கு மேல் இறங்கியது. அடியில் பாறையின் சூடு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும், தொட முடியாது. அவ்வளவு ஆழத்தில் மேலே இருக்கும் பாறையின் எடை எல்லாப் பக்கமும் அழுத்துகிறது. தாதுவை எடுத்துக் குடைந்த வெற்றிடத்தைச் சுற்றி அந்த அழுத்தம் சேர்ந்துகொண்டே போய், ஒரு கணத்தில் பாறை வெடித்துச் சிதறும். 'ஏர் பிளாஸ்ட்' என்பார்கள். இயற்பியலாளர்களுக்கு இந்த ஆழம் ஒரு வரம். மேலேயுள்ள பாறை மற்றத் துகள்களை எல்லாம் வடிகட்டிவிடுவதால், காற்றுமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோக்களின் தடத்தை 1965இல் முதன்முதலாக இங்கே கண்டவர்களில் டாடா ஆராய்ச்சி நிலையத்தாரும் ஒசாகா, டர்ஹாம் பல்கலைக்கழகத்தாரும் உண்டு. தொழிலாளிக்கோ அந்த ஆழம் அன்றாடம் உயிரோடு திரும்ப வேண்டிய இடம்.

எப்படித் திரும்பினார்கள்? ஒரு வழி, காது. ஷிஃப்ட் தொடங்கும்போது இரும்புக் கம்பியால் கூரையைத் தட்டிப் பார்ப்பது சுரங்கத்தின் பழைய வழக்கம். பாறை தாய்ப்பாறையோடு ஒட்டியிருந்தால் தட்டின அதிர்வு உள்ளே முழுக்கப் பரவி, 'டங்' என்று மணி அடித்த மாதிரி வரும். பின்னால் நூலளவு இடைவெளி விட்டிருந்தால் அந்தப் பலகை மட்டும் தனியாக மேளத்தோல் போல அதிரும். 'டொப்' என்று மந்தமாகக் கேட்கும். அது விழப்போகும் பாறை. இந்த இரண்டு ஓசைக்கும் நடுவே எத்தனையோ படிகள் உண்டு. எது எத்தனை நேரம் தாங்கும் என்பது புத்தகத்தில் இல்லை, பல ஆயிரம் முறை தட்டின கையில் இருக்கிறது. என் மாமா அப்படித்தான் ஓடுகிற மிஷினை அணைக்காமலே, நூற்றுக்கணக்கான கதிர்களின் இரைச்சலில் எந்தக் கதிரில் இழை அறுந்தது என்று கண்டு, இரண்டு விரலால் பிணைப்பார். பத்தொன்பது வருஷம் மில்லிலேயே வளர்ந்த விரல் அது. வேறெங்கும் அதற்கு மதிப்பில்லை. வெளியே வந்தபின் மளிகைக் கடையில் மூட்டை தூக்கினார். ஒரு வேலையிடத்தில் சேர்கிற திறமையின் ஒரு பகுதி அந்த இடத்திலேயேதான் தங்கிவிடும், ஆளோடு வெளியே வராது. அந்த இடத்துக்குத் திரும்பும் வழியைத் திறந்து வைப்பதில் என்ன நியாயம் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் முதல் பதில் இதுதான். சட்டமும் அடியாழத்தை அறியாததல்ல. ஓராண்டுத் தொடர் பணி என்பதற்கு மற்றவர்களுக்கு 240 நாள் என்றால், சுரங்கத்துக்குள் வேலை செய்கிறவர்களுக்கு 190 நாள் போதும் என்றுதான் எழுதியிருந்தது.

பெயர்ப் பட்டியல் எப்போதும் தொழிலாளி பக்கமே நிற்கும் என்றும் சொல்ல முடியாது. 1930இல் தங்கவயலில் எல்லாத் தொழிலாளர்களின் கைரேகையையும் பதிந்து பதிவேடு வைக்க நிர்வாகம் கிளம்பியது. ரேகை பதிந்துவிட்டால் வெளியே அனுப்பப்பட்டவன் வேறு பெயரில், வேறு சுரங்கத்தில், மறுபடி நுழைய முடியாது. ஆயிரக்கணக்கானவர்கள் வேலையை நிறுத்தினார்கள். மூன்று வாரம் சுரங்கங்கள் நின்றன. யாரைத் திரும்ப எடுக்கக் கூடாது என்பதற்கான பட்டியலை எதிர்த்து நடந்த போராட்டம் என்று அதை நான் படிக்கிறேன். இருபத்து மூன்று ஆண்டு கழித்து வந்த 25எச் அதே பட்டியலைத் தலைகீழாகத் திருப்பியது: இவர்களைத்தான் முதலில் எடுக்க வேண்டும்.

ஆனால் தங்கவயல்காரர்களுக்கு அந்தப் பிரிவு கைகொடுக்கவில்லை. காரணம் ஒரு சொல். 2001 பிப்ரவரி 28இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டு மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வெளியே வந்தார்கள். அது 'ஆட்குறைப்பு' அல்ல, 'மூடல்'. ஓடுகிற தொழிலில் உபரியான ஆளை அனுப்புவதே ஆட்குறைப்பு, தொழிலையே மூடினால் அது வேறு என்று உச்ச நீதிமன்றம் 1956லேயே சொல்லிவிட்டது. மூடலுக்கும் இழப்பீடு உண்டு என்று மறு ஆண்டே சட்டத்தைத் திருத்தினார்கள். ஆனால் 'திரும்ப அழை' என்ற வாக்கியம் ஆட்குறைப்புக்கு மட்டுமே எழுதப்பட்டது. வெளியே நிற்கிற தொழிலாளிக்கு இரண்டும் ஒன்றுதான், சாப்பாட்டுத் தட்டு காலி. சட்டத்தின் கண்ணில் இரண்டும் இரண்டு.

அதனால் தங்கவயல் தொழிலாளர்கள் வேறு வழி பார்த்தார்கள். கூட்டுறவுச் சங்கம் அமைத்து, சுரங்கத்தை நாங்களே நடத்துகிறோம் என்று கேட்டார்கள். பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் என்ன, கேட்டையே நாம் வாங்கிவிடலாம் என்கிற அளவுக்குப் போன அந்தத் துணிச்சலை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மெய்சிலிர்க்கும். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2013 ஜூலையில் உலக அளவில் டெண்டர் விடலாம் என்று முடிந்தது. சுரங்கம் இன்றுவரை திறக்கவில்லை. திறக்கப்போவது வேறொன்று. தாதுவை அரைத்து, சயனைடு கரைசலில் தங்கத்தைக் கரைத்து எடுத்த பிறகு கொட்டிய மண் நூறு ஆண்டில் குன்று குன்றாகச் சேர்ந்திருக்கிறது. ஆயிரம் ஏக்கருக்கு மேல், 13 குன்றுகள், மூன்று கோடி டன்னுக்கு மேல். ஒரு டன்னில் ஒரு கிராமுக்கும் குறைவான தங்கம்தான் இருக்கும். ஆனாலும் இன்றைய விலையில் அது லாபம். அவற்றை ஏலம் விட 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை சம்மதித்தது. வேண்டாம் என்று கொட்டிய மண்ணைத் திரும்ப அழைத்தாயிற்று.

மூடலுக்கும் விற்பனைக்கும் உள்ள வித்தியாசத்தை நம் பக்கத்திலேயே பார்க்கலாம். ஃபோர்டு நிறுவனம் 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாகச் சொன்னது. குஜராத்தின் சனந்த் ஆலையை டாடா வாங்கியது. 2023 ஜனவரியில் கைமாறியபோது தகுதியுள்ள தொழிலாளர்கள் எல்லோருக்கும் வேலை தருவதாக அந்த ஒப்பந்தத்திலேயே இருந்தது. மறைமலைநகரில் கடைசிக் கார் 2022 ஜூலையில் வெளியே வந்தது. ஆலை மூடியது, தொழிலாளர்கள் பணம் வாங்கிக்கொண்டு போனார்கள். 2025 அக்டோபரில் அதே மறைமலைநகரில் என்ஜின் தயாரிக்கத் தமிழ்நாடு அரசோடு ஒப்பந்தம் கையெழுத்தானது. ஒரே நிறுவனத்தின் இரண்டு ஆலைகள். சனந்தில் ஆள் ஆலையோடு சேர்ந்தே கைமாறினார். மறைமலைநகரில் மூன்று ஆண்டு இடைவெளி விழுந்தது. அந்த இடைவெளியைத் தாண்டிப் பழைய ஆளின் கையைப் பிடிக்கச் சட்டத்தில் பிடிமானம் இல்லை.

இடைவெளி எவ்வளவு நீளலாம் என்பதில் நாட்டுக்கு நாடு மனசு வேறு. ஸ்வீடனில் முன்னுரிமை ஒன்பது மாதம், பிரான்சில் ஒரு வருஷம், தென் கொரியாவில் மூன்று வருஷம். கோவிட் முடிந்து ஓட்டல்கள் திறந்தபோது, அனுப்பிய ஆட்களைத்தான் முதலில் கூப்பிட வேண்டும் என்று கலிஃபோர்னியா 2021இல் தனிச் சட்டமே போட்டது. நம்முடைய 25எச்சில் காலக்கெடு என்று ஒரு சொல்கூட இல்லை. எழுபது ஆண்டுக்கும் மேலாக அப்படியே இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டத்தில் அந்த வாக்கியம் 72ஆம் பிரிவாக மாறியிருக்கிறது. முன்னுரிமை இருக்கிறது. ஆனால் ஆட்குறைப்பு நடந்து ஒரு வருஷத்துக்குள் புதிய ஆள் எடுத்தால் மட்டும். பதின்மூன்றாம் மாதம் கேட்டில் பலகை தொங்கினால் பழைய ஆளும் புதிய ஆளும் ஒன்று. இது எனக்கு ஏற்புடையதல்ல. ஒரு வருஷம் பொறுத்துவிட்டு ஆள் எடுப்பது எந்த நிர்வாகத்துக்கும் பெரிய சிரமமில்லை. மந்தமான சந்தை திரும்பவே பல சமயம் அதைவிட நாளாகும்.

கெடு குறுகியதால் சில விஷயங்களில் இன்னும் கவனம் வேண்டும். வெளியே அனுப்பும்போது நீட்டுகிற காகிதத்தில் 'ஆட்குறைப்பு' என்று இருக்கிறதா, 'விருப்ப ஓய்வு' என்று இருக்கிறதா, 'ராஜினாமா' என்று இருக்கிறதா என்று படித்துவிட்டே கையெழுத்துப் போட வேண்டும். பின்னவை இரண்டிலும் நீங்களாகப் போனீர்கள் என்று அர்த்தம். போனவரைத் திரும்பக் கூப்பிடும் கடமை யாருக்கும் கிடையாது. காலம் குறித்த காண்ட்ராக்ட் முடிந்து புதுப்பிக்கப்படாதவர்களும் 1984 முதலே ஆட்குறைப்பு என்ற சொல்லுக்கு வெளியே இருக்கிறார்கள். போர்டில் ஒட்டிய சீனியாரிட்டி லிஸ்டை செல்போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வீடு மாறினால் புது முகவரியை எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒரு கையெழுத்து வாங்குங்கள். கேட்டில் பலகை தெரிந்தால் அன்றைக்கே எழுதிக் கேளுங்கள்.

மலையில் இறங்கி, மாதேஸ்வரரைக் கும்பிட்டு, மண்டபத் தூணில் சாய்ந்து உட்கார்ந்தபோது மாமா கேட்டார்: "தங்கவயல்ல அந்த மண்ண அள்ள ஆளெடுப்பாங்களா? அந்த ஆளுங்களுக்கு இப்ப யாரு லெட்டர் போடுவா, எங்கன்னு போடுவா?"

யார் போடுவார் என்பதற்குச் சட்டத்தில் பதில் இல்லை. எங்கே என்பதற்கு உண்டு. அந்த ஊரில் பலர் இன்னமும் கம்பெனி கொடுத்த லைன் வீடுகளிலேயே இருக்கிறார்கள். விடியுமுன்னே மாரிக்குப்பத்தில் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போய், இருட்டினபின் அதே வீட்டுக்குத் திரும்புகிறார்கள். கடைசியாகக் கொடுத்த முகவரி மாறவே இல்லை.